12 பேரில் யார் யார் குற்றவாளி? காரணத்தோடு சொல்லுங்கள்

வடசேரி_கட்டம்:

ஆறு மாதமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இந்த வகைப் புதிர் ஒன்று போட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். கட்டத்துக்கு ஓர் ஆள் நிற்பார். அவர் நிரபராதியா குற்றவாளியா என்று நாம் கண்டுபிடித்தால் வாய் திறந்து ஒரு துப்பு சொல்வார், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போக வேண்டும். நான் போடுவது 4க்கு 5, மொத்தம் 20 பேர். இந்த வாரம் நானே 3க்கு 4 அளவில் ஒன்று எழுதினேன். ஆட்கள் எல்லாம் நம்ம பக்கத்து ஆட்கள், பெயர் வைக்காமல் தொழிலை மட்டும் போட்டிருக்கிறேன்.

பூக்கார அக்கா | லைன்மேன் | நர்ஸ்
கண்டக்டர் | பால்வெட்டுக்காரர் | டீச்சர்
மீன்கார அக்கா | போஸ்ட்மேன் | டிரைவர்
ஆட்டோக்காரர் | சாயாக்கடைக்காரர் | கொத்தனார்

இடமிருந்து வலம் போவது வரிசை, மேலிருந்து கீழே வருவது நெடுக்கு. பக்கத்து ஆள் என்றால் ஒட்டி நிற்கிற எல்லாரும், மூலைவாட்டில் நிற்பவரும் சேர்த்தி. மொத்தம் ஐந்து குற்றவாளிகள். பால்வெட்டுக்காரர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுப்பவர், நிரபராதி என்று நானே சொல்லிவிடுகிறேன், அங்கேயிருந்து ஆரம்பியுங்கள். துப்பு ஆறு பேரிடம்தான் இருக்கிறது, மற்றவர்கள் பேச மாட்டார்கள். எல்லாத் துப்பும் கீழே இருந்தாலும் ஓர் ஆளை நிரூபித்த பிறகுதான் அவர் சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பால்வெட்டுக்காரர்: எங்க வரிசையில் நிரபராதி நான் ஒருத்தன்தான்.
கண்டக்டர்: என் பக்கத்தில் குற்றவாளி ஒரே ஆள். அந்த ஆள் டீச்சருக்கும் பக்கத்து ஆள்.
டீச்சர்: என் பக்கத்தில் குற்றவாளிகள் இரண்டு பேர்.
பூக்கார அக்கா: குற்றவாளி இல்லாத வரிசை ஒன்றுகூட இல்லை.
மீன்கார அக்கா: நடு நெடுக்கில் ஒரே ஒரு குற்றவாளி.
சாயாக்கடைக்காரர்: என் பக்கத்தில் குற்றவாளிகள் இரண்டு பேர்.

மார்த்தாண்டம்_பஸ்:

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். கண்டக்டரும் டீச்சரும் குற்றவாளிகள் என்று முதல் துப்பிலேயே வந்துவிடுகிறது. குற்றவாளி சொல்வதை எப்படி நம்புவது? பொய் சொன்னால்?

வடசேரி_கட்டம்:

எழுத விட்டுப்போச்சு, மன்னிக்கணும். இங்கே எல்லாரும் உண்மைதான் பேசுவார்கள், குற்றவாளியும் சேர்த்து. குற்றவாளி என்பது அவர் தலையில் இருக்கும் ஒரு அடையாளம், அவ்வளவுதான். நீங்கள் நினைப்பது வேறு வகை. ஒரு தீவில் சிலர் எப்போதும் உண்மையும் சிலர் எப்போதும் பொய்யும் பேசுவார்கள், பேச்சை வைத்து ஆளைப் பிரிக்க வேண்டும். அமெரிக்க தர்க்க அறிஞர் ரேமண்ட் ஸ்மல்லியன் (1919–2017) அந்த வகையை எழுதி எழுதியே உலகம் முழுக்கப் பரப்பினார். அதில் பேச்சையே சந்தேகப்பட வேண்டும். இதில் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டு, யார் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

தக்கலை_டீச்சர்:

நான் இருபத்தெட்டு வருஷம் கணக்கு எடுத்தவள், ஓய்வு பெற்றாயிற்று. முதல் பாதியை எழுதுகிறேன், புதிதாகப் போடுகிறவர்களுக்கு உதவும்.

பால்வெட்டுக்காரர் சொன்னபடி இரண்டாம் வரிசையில் கண்டக்டர், டீச்சர் இருவரும் குற்றவாளிகள். அதில் பேச ஒன்றுமில்லை. அடுத்து கண்டக்டர் சொன்ன துப்பில் கொஞ்சம் நேரம் உட்காருங்கள், ஏனென்றால் இந்தப் புதிரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அவருக்குப் பக்கத்து ஆட்கள் ஐந்து பேர்: பூக்கார அக்கா, லைன்மேன், பால்வெட்டுக்காரர், மீன்கார அக்கா, போஸ்ட்மேன். இவர்களில் ஒரே குற்றவாளி, அவரும் டீச்சருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். டீச்சர் நிற்பது அந்தக் கடைசியில். இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பவர்கள் நடு நெடுக்கில் மேலே மூன்று பேர்தான், அதாவது லைன்மேன், பால்வெட்டுக்காரர், போஸ்ட்மேன். பால்வெட்டுக்காரர் நிரபராதி. ஆகவே குற்றவாளி லைன்மேன் அல்லது போஸ்ட்மேன்.

இரண்டில் யார் என்று தெரியவில்லை என்பதாலேயே பலர் இந்த இடத்தில் துப்பை விட்டுவிட்டு வேறு இடம் தேடப் போவார்கள். போகக் கூடாது! கண்டக்டரின் ஒரே குற்றவாளி அந்த இரண்டு பேருக்குள் அடங்கிவிட்டதால், மீதி நிற்கிற பூக்கார அக்காவும் மீன்கார அக்காவும் நிரபராதிகள் என்பது உறுதி. யார் குற்றவாளி என்று தெரியாமலே யார் குற்றவாளி இல்லை என்று சொல்ல முடிகிறது பாருங்கள், என் பிள்ளைகளிடம் கரும்பலகையில் இதைக் காட்டியிருந்தால் ஒருநாள் முழுக்க மகிழ்ந்திருப்பேன்.

இப்படி இரண்டு அக்காமாரும் வாய் திறக்கலாம். மீன்கார அக்கா நடு நெடுக்கில் ஒரே குற்றவாளி என்கிறார். அந்த ஒருவர் லைன்மேன் அல்லது போஸ்ட்மேன் என்று ஏற்கெனவே தெரியும். ஆகவே அதே நெடுக்கில் கீழே நிற்கிற சாயாக்கடைக்காரர் நிரபராதி. அதே உத்திதான், இரண்டாவது தடவை.

குளச்சல்_அலை:

முடித்தாயிற்று. லைன்மேன், கண்டக்டர், டீச்சர், டிரைவர், ஆட்டோக்காரர். ஐந்து பேர். சரியா?

வடசேரி_கட்டம்:

சரி! நான் எழுதி வைத்திருக்கிற விடை அதேதான். வாழ்த்துகள்.

தக்கலை_டீச்சர்:

தம்பி குளச்சல், சாயாக்கடைக்காரர் வரைக்கும் எனக்கும் வருகிறது. அதற்குமேல் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. டிரைவர் குற்றவாளி என்று எந்தத் துப்பிலிருந்து எடுத்தீர்கள்?

குளச்சல்_அலை:

லைன்மேன் குற்றவாளி என்று வைத்துப் பார்த்தேன் டீச்சர். அவர் குற்றவாளி என்றால் போஸ்ட்மேன் நிரபராதி. டீச்சரின் பக்கத்தில் இரண்டு பேர் வேண்டும், பூக்கார அக்கா சொன்னபடி மூன்றாம் வரிசையிலும் ஒருவர் வேண்டும், அதனால் டிரைவர் குற்றவாளி, நர்ஸ் நிரபராதி. நாலாவது வரிசையில் ஒருவர் வேண்டும், ஆட்டோக்காரரைப் போட்டேன். எல்லாத் துப்பும் பொருந்துகிறது. பொருந்துகிறதே, வேறென்ன வேண்டும்?

குலசேகரம்_மழை:

வேற ஒன்று வேண்டும், சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

இங்கே மூன்று நாளாக மழை, விடவே இல்லை. மழை என்றால் ரப்பர் வெட்டு கிடையாது, அப்பா வீட்டில்தான். போனில் நான் போட்டுக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, இந்தச் சின்னத் திரையில் எனக்குத் தெரியாது மக்களே, தரையில் போடு என்றார். திண்ணையில் கரிக்கட்டியால் 12 கட்டம் வரைந்தேன். அவர் உள்ளே போய் பால் பிடிக்கிற சிரட்டை 12 எடுத்து வந்தார், அடியில் காய்ந்த பால் வெள்ளையாக ஒட்டியிருக்கும், அதை நகத்தால் உரித்துப் போட்டுவிட்டு அடுக்கினார். கவிழ்த்து வைத்தால் குற்றவாளி, மலர்த்தி வைத்தால் நிரபராதி, தெரியாதவர் கட்டம் காலி. பால்வெட்டுக்காரர் நிரபராதி என்றதும் அந்தச் சிரட்டையை அவரே எடுத்து நடுவில் மலர்த்தி வைத்தார்.

டீச்சர் எழுதியதை நான் வாசிக்க வாசிக்க அவர் வைத்துக்கொண்டே வந்தார். சாயாக்கடை வரைக்கும் வந்து நின்றோம். அப்போதுதான் குளச்சல் விடை போட்டிருந்தார். அதைப் பார்த்து மீதிச் சிரட்டைகளையும் வைத்து, ஒவ்வொரு ஆளாகத் தொட்டு அவர் சொன்னதை நான் மறுபடி வாசித்தேன், எல்லாம் சரி. எழுந்திருக்கப் போனேன். அப்பா எழுந்திருக்கவில்லை. லைன்மேன் சிரட்டையை மலர்த்தி, நர்ஸைக் கவிழ்த்தார். அப்புறம் டிரைவரை மலர்த்தி, போஸ்ட்மேனைக் கவிழ்த்தார். மறுபடி வாசி என்றார். வாசித்தேன்.

கண்டக்டர் பக்கத்தில் ஒரே குற்றவாளி, போஸ்ட்மேன், அவர் டீச்சருக்கும் பக்கம். சரி. டீச்சர் பக்கத்தில் நர்ஸ், போஸ்ட்மேன், இரண்டு. சரி. எல்லா வரிசையிலும் ஆள் இருக்கிறது. நடு நெடுக்கில் போஸ்ட்மேன் ஒருவர்தான். சாயாக்கடை பக்கத்தில் போஸ்ட்மேனும் ஆட்டோக்காரரும், இரண்டு. மொத்தம் ஐந்து.

அப்பா சொன்னது இது: "நாலு சிரட்டையைத் திருப்பியாச்சு, ஒருத்தனும் எதுத்துப் பேசல்லியே மக்களே. அப்போ அந்த லைன்மேன் எதுக்கு ஜெயிலுக்குப் போணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆட்டோக்காரரை மலர்த்தி கொத்தனாரைக் கவிழ்த்தாலும் அதே கதைதான், அதையும் வைத்துப் பார்த்துவிட்டோம்.

மார்த்தாண்டம்_பஸ்:

உங்க அப்பா சொன்னது முழுக்க சரி. பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்தேன். மொத்தம் ஐந்து என்பதை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு எண்ணுகிறேன். 12 பேர், ஒவ்வொருவருக்கும் இரண்டு வழி, ஆக 4096. பால்வெட்டுக்காரர் நிரபராதி என்றதும் 2048. அவர் பேசியதும் 512. கண்டக்டர் பேசியதும் ஒரேயடியாக 64! டீச்சர் 32 ஆக்குகிறார், பூக்கார அக்கா 14, மீன்கார அக்கா 6, சாயாக்கடை 4. அங்கே நின்றுவிடுகிறது. லைன்மேனும் டிரைவரும், இல்லையென்றால் நர்ஸும் போஸ்ட்மேனும். இது இரண்டு வழி. ஆட்டோக்காரர் அல்லது கொத்தனார், இன்னொரு இரண்டு. நாலு விடையிலும் ஐந்து ஐந்து பேர்தான் குற்றவாளி, அதனால் மொத்தக் கணக்கும் கை கொடுக்காது.

இன்னொன்று. மொத்தம் ஐந்து என்று முதலிலேயே சொல்லியிருப்பதால், சாயாக்கடைக்காரர் பேசும் முன்பே நாலுதான் மிச்சம். அவர் சொல்லும் இரண்டு பேர் நமக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி. துப்பே இல்லை அது.

குளச்சல்_அலை:

ஒத்துக்கொள்கிறேன், என் விடைக்குக் காரணம் இல்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். விண்டோஸ் 3.1 காலத்திலிருந்து எல்லாரும் போடுகிற மைன்ஸ்வீப்பரில் கடைசியில் இரண்டு கட்டம் மிஞ்சும், எதில் வெடி என்று எந்த எண்ணும் சொல்லாது, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை அமுக்குவோம். அதை யாரும் குறை சொல்வதில்லையே. இங்கே மட்டும் ஏன் கூடாது? அப்புறம் "வைத்துப் பார்ப்பது" தப்பு என்றால் பாதிப் புதிரை நான் போடவே முடியாது.

தக்கலை_டீச்சர்:

நல்ல கேள்வி, இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

மைன்ஸ்வீப்பரில் வெடியைப் போடுவது கணினி, குருட்டாம்போக்கில். யாரும் உட்கார்ந்து யோசித்து வைப்பதில்லை, அதனால் முட்டுச்சந்து வரத்தான் செய்யும். அதுவும் லேசான விளையாட்டு இல்லை. பாதி திறந்த பலகை ஒன்றைக் கொடுத்து இந்த எண்களுக்கு ஒத்துவருகிற மாதிரி வெடிகளை வைக்க முடியுமா என்று கேட்பதே, பொதுவாகப் பார்த்தால், கணினி அறிவியலில் என்பி-கம்ப்ளீட் என்கிற கடினமான கேள்விகளின் கூட்டத்தில் சேர்ந்தது என்று 2000ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கே நிறுவினார். ஆனால் இந்தப் புதிரை ஒரு மனிதர் எழுதுகிறார், இதிலே யூகம் வேண்டாம் என்று வாக்குக் கொடுத்து எழுதுகிறார். சுடோகு மாதிரி. சுடோகுவில் இரண்டு விடை வந்தால் பத்திரிகைக்காரரைத்தானே திட்டுவோம்? 17 எண்களுக்குக் குறைவாகக் கொடுத்தால் ஒரே விடை உள்ள சுடோகு அமையாது என்று 2012ல் டப்ளினில் கணினிகளை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்து முடிவு சொன்னார்கள். ஒரே விடை என்பது அந்த அளவுக்கு முக்கியமான விஷயம்.

இனி வைத்துப் பார்ப்பது. அதில் தப்பே கிடையாது தம்பி, ஆனால் எந்தப் பக்கம் முடிகிறது என்று பார்க்க வேண்டும். லைன்மேன் நிரபராதி என்று வைத்துக்கொண்டு போய், ஓர் இடத்தில் துப்பு ஒன்று உடைந்தால், அவர் குற்றவாளி என்பது நிரூபணம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் முரண்பாட்டு முறை என்று படித்திருப்பீர்கள். நீங்கள் செய்தது அதற்கு மறுதலை. குற்றவாளி என்று வைத்துக்கொண்டு போனீர்கள், எதுவும் உடையவில்லை. உடையவில்லை என்றால் அவர் குற்றவாளியாக இருக்கலாம் என்று மட்டும்தான் அர்த்தம். நிரபராதி என்று வைத்தும் ஒரு தடவை போய்ப் பார்த்திருந்தால் அதுவும் உடையாமல் நின்றிருக்கும், குலசேகரத்து அண்ணன் சிரட்டையைத் திருப்பிக் கண்டது அதைத்தான்.

குளச்சல்_அலை:

இப்போது புரிகிறது டீச்சர். பொருந்தினால் நிறுத்திவிடுவேன், அதுதான் என் பழக்கம். இனி எதிர்ப்பக்கத்தையும் வைத்துப் பார்ப்பேன்.

வடசேரி_கட்டம்:

தப்பு என்னுடையது. முதலில் விடையை வரைந்து வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒவ்வொருவர் வாயிலும் ஒரு வாக்கியம் வைத்தேன். விடைக்கு எல்லாத் துப்பும் பொருந்துகிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். வேறு விடைக்கும் பொருந்துமா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. குளச்சல் தம்பி போட்டதும் சரி என்று உடனே சொன்னதும் அதனால்தான், என் தாளில் இருந்ததோடு ஒத்துப்போனது, அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன். குலசேகரத்து அண்ணாச்சிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

ராத்திரி உட்கார்ந்து சாயாக்கடைக்காரர் துப்பை மட்டும் மாற்றினேன். மற்ற ஐந்தும் அப்படியே.

சாயாக்கடைக்காரர்: என் பக்கத்தில் குற்றவாளிகள் இரண்டு பேர். அவர்கள் ஒருவருக்கொருவர் பக்கத்து ஆட்கள் இல்லை.

குளச்சல்_அலை:

இந்தத் தடவை காரணத்தோடு போடுகிறேன், பாருங்கள்.

லைன்மேன், போஸ்ட்மேன் இருவரில் ஒருவர் குற்றவாளி என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். டீச்சர் பக்கத்தில் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் அந்த இருவரில் வந்தாயிற்று, மற்றவர் நர்ஸ் அல்லது டிரைவர். பூக்கார அக்கா எந்த வரிசையும் காலி இல்லை என்கிறார். முதல் வரிசைக்கு லைன்மேனோ நர்ஸோ வேண்டும், மூன்றாம் வரிசைக்கு போஸ்ட்மேனோ டிரைவரோ வேண்டும். இருப்பதே இரண்டு குற்றவாளிகள், ஆகவே வரிசைக்கு ஒருவர். அப்படியானால் சாயாக்கடைக்காரர் தலைக்குமேல் இருக்கிற வரிசையில் ஒரே குற்றவாளி, போஸ்ட்மேன் அல்லது டிரைவர். அவர் சொல்லும் இன்னொரு ஆள் அவருடைய வரிசையிலேயே, ஆட்டோக்காரர் அல்லது கொத்தனார்.

ஜோடி நாலு. போஸ்ட்மேன் என்றால் ஆட்டோக்காரரும் மூலைவாட்டில் பக்கம், கொத்தனாரும் மூலைவாட்டில் பக்கம், இரண்டும் உடைகிறது. டிரைவர் என்றால் கொத்தனார் நேர் கீழே, அதுவும் உடைகிறது. மிச்சம் டிரைவரும் ஆட்டோக்காரரும்தான், அவர்களுக்கு நடுவில் ஒரு நெடுக்கு இடைவெளி இருக்கிறது. டிரைவர் குற்றவாளி என்றதும் போஸ்ட்மேன் நிரபராதி, லைன்மேன் குற்றவாளி, நர்ஸ் நிரபராதி, கொத்தனார் நிரபராதி.

விடை முந்தி நான் சொன்ன அதே ஐந்து பேர்தான், ஆனால் முந்தி நான் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

மார்த்தாண்டம்_பஸ்:

அருமை. 4 இப்போது 1 ஆகிவிட்டது. இன்னொன்று கவனித்தேன், அண்ணாச்சி கோபப்படக் கூடாது. மொத்தம் ஐந்து என்று சொல்லிவிட்டால் பூக்கார அக்கா பேசவே வேண்டியதில்லை. கண்டக்டர், டீச்சர் இருவர், நடு நெடுக்கில் ஒருவர், நர்ஸ் அல்லது டிரைவர் ஒருவர், ஆக நாலு. ஐந்தாவது ஆள் கடைசி வரிசையில்தான் இருக்க முடியும். அங்கிருந்து புதுத் துப்பை வைத்து முடித்துவிடலாம்.

தக்கலை_டீச்சர்:

ஆமாம், ஆனால் இரண்டையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். ஐந்து என்பதும் இல்லை, பூக்கார அக்காவும் பேசவில்லை என்றால் இன்னொரு விடை உள்ளே நுழைகிறது: லைன்மேன், நர்ஸ், ஆட்டோக்காரர், கொத்தனார், கூடவே கண்டக்டரும் டீச்சரும். ஆறு பேர். மூன்றாம் வரிசை முழுக்க நிரபராதிகள். கடைசி வரிசையில் இரண்டு மூலையும் குற்றவாளிகள், அவர்கள் ஒருவருக்கொருவர் பக்கத்து ஆட்கள் இல்லை, சாயாக்கடைத் துப்புக்கும் பழுதில்லை. ஒன்று கட்டாயம் வேண்டும். எனக்குக் கேட்டால் பூக்கார அக்கா பேசட்டும், எண்ணிக்கையை எடுத்துவிடுங்கள். எண்ணிக்கை மேலேயிருந்து கொடுக்கப்பட்ட தகவல், அக்கா சொல்வதை நாம் நிரூபித்துச் சம்பாதிக்கிறோம்.

வடசேரி_கட்டம்:

எடுத்தாயிற்று. மொத்தம் ஐந்து என்ற வரி இனி இல்லை. இதே முறையில் 20 பேர் வைத்து ஒன்று எழுதப் பார்க்கிறேன், அதில் 10,48,576 வழி இருக்கிறது, கையால் எண்ண முடியாது. எழுதியதும் முதலில் இங்கேதான் போடுவேன், என் விடையைச் சொல்லாமல்.

குலசேகரம்_மழை:

புதுத் துப்பை அப்பாவிடம் வாசித்தேன். பக்கத்து ஆட்கள் இல்லை என்பதை இரண்டு தடவை கேட்டார். விரலை போஸ்ட்மேன் கட்டத்தில் வைத்து சுற்றிலும் எட்டுப் பேரையும் தொட்டுப் பார்த்தார், அப்புறம் டிரைவர் கட்டத்தில் வைத்துத் தொட்டார். போஸ்ட்மேனை மலர்த்தினார், டிரைவரைக் கவிழ்த்தார். ஆட்டோக்காரரைக் கவிழ்த்துவிட்டு, லைன்மேனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். மலர்த்தி வைத்துப் பார்த்தார், நடு நெடுக்கில் குற்றவாளியே இல்லாமல் போனது. "மீன்காரி சொன்னது பொய்யாப் போவும்" என்று சொல்லிவிட்டுக் கவிழ்த்தார். நர்ஸையும் கொத்தனாரையும் மலர்த்தினார். அதற்குப் பிறகு ஒரு சிரட்டையைக்கூட திருப்ப முடியவில்லை, ஒவ்வொன்றாகத் திருப்பி யார் எதிர்க்கிறார் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டார்.

மழை விட்டிருக்கிறது. நாளை காலை வெட்டு உண்டு என்று 12 சிரட்டையையும் வாளியில் போட்டு எடுத்து வைத்துவிட்டார். கரிக்கோடு மட்டும் திண்ணையில் கிடக்கிறது, அழிக்காதே என்று சொல்லியிருக்கிறார்.